ஊர்திப் பழுதறி அமைப்பும் ஓட்டுநர் அந்தரங்கமும்: திருப்பத்தூர் மாவட்டம்

ஓபிடி எனப்படும் ஊர்திப் பழுதறி அமைப்பு, இன்ஜினையும் புகைக்குழாயையும் சென்சார்கள் மூலம் இடைவிடாமல் கவனித்து, கோளாறு தென்பட்டால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கை எரியவிட்டு, அதற்குரிய குறியீட்டை வண்டியின் கணினியில் பதிந்துவைக்கும் ஏற்பாடாகும். பட்டறைகளில் இக்குறியீட்டை வாசிப்பதை 'ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது' என்பர். பழுது பார்க்கப் பிறந்த இவ்வமைப்பு ஓட்டுபவரின் பழக்கத்தையும் சொல்லிவிடுவதால், அதன் பதிவுகள் யாருக்கு உரியவை என்னும் கேள்வி எழுந்துள்ளது.

தோற்றம்

லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டமே இதன் தொடக்கம். 1967இல் அமைந்த கலிபோர்னியக் காற்றுவள வாரியம், 1988ஆம் ஆண்டு மாடல் முதல் விற்கப்படும் கார்கள் தம் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. அப்போது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பிளக், தனக்கென ஒரு குறியீடு என்று வைத்திருந்ததால், கம்பெனி சர்வீஸ் தவிர வேறெங்கும் அதை வாசிக்க முடியவில்லை. 1996இல் அமெரிக்கா முழுவதற்கும் வந்த ஓபிடி-2, பிளக்கையும் குறியீட்டையும் பொதுவாக்கி அந்தப் பூட்டை உடைத்து, சாதாரண மெக்கானிக்கின் கைக்கும் தகவலைக் கொண்டுவந்தது. ஐரோப்பா 2001இல் பெட்ரோல் கார்களுக்கு இதை ஏற்றது.

இந்தியாவில் 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ்-4 (பிஎஸ்-4) என்னும் புகைக்கட்டுப்பாட்டு விதியோடு முதற்கட்ட ஓபிடி வந்தது. இரண்டாம் கட்டம் 2013இல் தொடங்கியது. அன்று வேலூர் மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூர் அந்த 13இல் இல்லை. 2017 மார்ச் 29 அன்று, பிஎஸ்-3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் புதிய வண்டிகளுக்கு நாடு முழுவதும் பிஎஸ்-4 விதியே நின்றது. பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2019 நவம்பர் 28 அன்று, திருப்பத்தூர் தனி மாவட்டமாகியிருந்தது.

இணைப்பும் குறியீடுகளும்

ஸ்டியரிங்குக்குக் கீழே, உட்கார்ந்தபடி கை எட்டும் இடத்தில் சரிவக வடிவில் 16 முனைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். 4ஆம் முனை எர்த். 6, 14 ஆகியவை வண்டியின் கணினிகள் தமக்குள் பேசும் கேன் கம்பிகள். 16ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து நேரடி மின்சாரம் வருகிறது. சாவியை எடுத்த பின்னும் அம்முனையில் மின்சாரம் நிற்பதில்லை. அதனால் யாரேனும் அங்கே சிறு கருவியைச் செருகிவிட்டுப் போனால் அது இரவும் பகலும் இயங்கும்.

குறியீடு ஓர் எழுத்தும் நான்கு எண்களுமாக ஐந்து இடங்கள் கொண்டது. முதலெழுத்து பகுதியைக் காட்டும்: பி (P) என்றால் இன்ஜின், கியர்; சி (C) என்றால் சேசிஸ்; பி (B) என்றால் பாடி; யு (U) என்றால் கணினிகளுக்கிடையிலான தொடர்பு. இரண்டாம் இடத்தில் 0 இருந்தால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது; 1 இருந்தால் அந்தந்த நிறுவனத்துக்கே உரியது. மூன்றாம் இடத்து எண் உட்பிரிவைக் காட்டும். பி0301 (P0301) என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். பி0420 (P0420) என்றால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் திறன் குறைந்துவிட்டது.

குறியீட்டோடு அந்த நொடியின் நிலையும் உறைந்து பதிவாகிறது. மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் புதூர்நாட்டு ஏற்றத்தில் ஆட்களையும் சாமை மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் பெட்ரோல் வேனில் பி0301 விழுந்தால், அப்போதைய வேகம், இன்ஜின் சுற்று, பளு, தண்ணீரின் சூடு ஆகிய நான்கும் அதில் நிற்கும். குறியீட்டை அழித்தாலும், அழித்த பின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைக் கணினி எண்ணிக்கொண்டே இருக்கும். ஆனால் இடமும் ஓட்டியவர் பெயரும் இப்பதிவில் இல்லை.

அந்தரங்கம்

இடத்தைச் சேர்ப்பது ஜிபிஎஸ். 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் எழுந்த பாதுகாப்புக் கோரிக்கையின் தொடர்ச்சியாக மத்திய மோட்டார் வாகன விதி 125எச் வந்தது. அது பேருந்து, வாடகைக் கார் போன்ற பயணியர் ஊர்திகளில் இருப்பிடக் கருவியையும் அவசர பொத்தானையும் கேட்கிறது. 2019 முதல் புதிய வண்டிகளுக்கு இது பொருந்தும். கருவிக்கான ஏஐஎஸ்-140 தரம் குறைந்தது 40,000 இடப்பதிவுகளைச் சேமிக்கச் சொல்கிறது. நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு போன்ற மலைப்பகுதிகளில் சிக்னல் விடுபட்டாலும் கருவி சேர்த்துவைத்து, சிக்னல் கிடைத்ததும் அனைத்தையும் அனுப்பிவிடும். திடீர் பிரேக், கடும் முடுக்கம் ஆகியவையும் அது அனுப்புவனவற்றில் அடங்கும். மாவட்டத்தின் ஆம்பூர், வாணியம்பாடி வழியே செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் 2021 பிப்ரவரி முதல் கட்டாயமான ஃபாஸ்டாக், சுங்கச்சாவடியைக் கடந்த நேரத்தையும் தருகிறது. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் ஓட்டும் விதத்துக்கேற்பப் பிரீமியம் வாங்க காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் இசைவு அளித்தது.

அமெரிக்காவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் விபத்துப் பதிவுக் கருவியின் தகவலை வண்டியின் உரிமையாளருக்கு உரியதாக்கியது. சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவருக்கு அது போதும். இம்மாவட்டத்தில் டூரிஸ்ட் வேன், லாரி, பள்ளி வேன் ஆகியவற்றை ஓட்டுபவர் பெரும்பாலும் சம்பள டிரைவரோ, ஒரு நடைக்கு அழைக்கப்படும் ஆக்டிங் டிரைவரோதான். பிரேக்கை மிதித்தது அவர் கால். பதிவு அவருடைய நடத்தையைப் பற்றியது. எனவே அதன் மீது முதல் உரிமையும் அவருடையதே. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது அதில் ஓட்டுநருக்கு விலக்கு வைக்கவில்லை. அதற்கு மாறாக, 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலை தொடர்பான தேவைக்கும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் ஒப்புதல் இன்றியே தரவைப் பயன்படுத்த வழிவிடுகிறது. டிரைவருக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில் சட்டம் கைவிரிக்கிறது.

அரசும் இதில் விலகி நிற்கவில்லை. வண்டிப் பதிவுகளுக்கான வாகன், ஓட்டுநர் உரிமங்களுக்கான சாரதி ஆகிய பதிவேடுகளின் தரவைப் பகிர்ந்து சுமார் 65 கோடி ரூபாய் வருவாய் கிடைத்ததாக 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அந்த மொத்தத் தரவு விற்பனைக் கொள்கையை, அந்தரங்கக் கவலையைக் காரணம் காட்டி, 2020இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கைவிட்டது.

இன்றைய நிலை

ஓபிடியின் அடுத்த கட்டங்கள் இருசக்கர வண்டிகளுக்கும் வந்துவிட்டன. புதிய கார்கள் பல சிம் கார்டுடனேயே விற்கப்படுகின்றன. 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.