பூட்டிய வீட்டுச் சித்திரங்கள்

ராஜஸ்தானத்தின் வடகிழக்கே ஷேகாவதி என்றொரு வறண்ட பிரதேசம் இருக்கிறது. மணலும் முள்மரமுமான பூமி. ஆனால் மண்டாவா, நவல்கர், பதேபூர் முதலிய ஊர்களின் தெருக்களில் கண்ணுக்குப் பஞ்சமே இல்லை. வீட்டுக்கு வீடு வெளிச்சுவரெல்லாம் சித்திரம்! கிருஷ்ணனும் ராமனும், யானையும் ஒட்டகமும், தொப்பி வைத்த வெள்ளைக்காரரும் ஒரே சுவரில் சமரசமாக வாழ்கிறார்கள்.

இவை மார்வாரி வணிகர்களின் வீடுகள். ஒட்டகங்கள் சரக்குச் சுமந்த பாதைகள் மங்கி, வியாபாரம் துறைமுகங்களுக்கும் ரயிலுக்கும் மாறியது. 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போனார்கள். குடும்பம் ஊரிலேயே இருந்தது. ஆகவே, சம்பாதித்த பணம் ஊருக்குத் திரும்பி வந்து 'ஹவேலி' என்னும் மாளிகையாக எழுந்தது.

சுவர் எழுப்பிய கொத்தனாரே சித்திரமும் தீட்டினார். ஈரச் சுண்ணாம்பின் மேல் காவியும் அவுரி நீலமும் விளக்குக் கரியும் கொண்டு எழுதுவார். சுண்ணாம்பு இறுகும்போது நிறமும் சுவரோடு சுவராகிவிடும். அந்த நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் சாயங்கள் வந்தன. பளபளப்பான நீலமும் சிவப்பும் சுவரேறின.

முதலாளி பட்டணத்தில் கண்டதையெல்லாம் சுவரிலே கேட்டார். ரயில் வந்தது, மோட்டார் வந்தது. மண்டாவாவில் ஒரு சுவரில் ரைட் சகோதரர்களின் விமானமே பறக்கிறது! ரயிலை நேரில் பாராமலே ரயில் எழுதிய ஓவியர்களும் உண்டு. வீடுகளை வரிசையாக நிறுத்திச் சக்கரம் பூட்டினாற்போல் இருக்கும் அந்த ரயிலைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தத் தெருவுக்கு அந்தச் சுவர்தான் செய்தித்தாள்.

பின்னர் குடும்பங்களும் பட்டணத்துக்கே போய்விட்டன. வாசலில் பூட்டும் காவல்காரனும் மிஞ்சினார்கள். சில ஹவேலிகள் பழுதுபார்க்கப்பட்டன. நவல்கரில் இரண்டொன்று காட்சிசாலைகளாயின. மற்றவற்றிலோ காரை உதிர்கிறது, உப்புப் பூக்கிறது. சில சுவர்களுக்கு வெள்ளையடித்துவிடுகிறார்கள். சிலவற்றை இடித்துக் கடை கட்டுகிறார்கள்.

இங்கேதான் புகைப்படக் கருவிக்கு வேலை வருகிறது. ஐலே கூப்பர் என்ற ஆங்கிலேயர் ஊர் ஊராகச் சுற்றி இந்தச் சுவர்களைப் பதிவு செய்தார். அவற்றைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். எல்லோரும் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. வேடிக்கையான மோட்டாரை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்பாமல், முழுச் சுவரையும் வாசலையும் தெருவையும் சேர்த்து எடுத்தால் போதும். ஊரையும் தேதியையும் படத்தின் பின்னே குறித்து வைக்க வேண்டும். சித்திரத்தை எழுதப் பல மாதம் பிடித்திருக்கும். வெள்ளையடிக்க ஒரு பகல் போதும். அதற்குப் பிறகு அந்தச் சுவருக்குச் சாட்சி சொல்ல அந்த ஒரு படந்தான் இருக்கும்.