அசல் என்பது எது?
நாஜிக் கடற்படைச் சின்னங்களும் சேகரிப்பின் அரசியலும்

ஒரு பொருள் அசலா போலியா என்று பார்ப்பதில் அரசியல் ஏதும் இல்லை என்றே பொதுவாக நம்பப்படுகிறது. உரைத்துப் பார், எடை போடு, விஷயம் முடிந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் கடற்படையின் சட்டைச் சின்னங்களைச் சேகரிப்பவர்களுக்கான கையேடுகளையும் ஏலப் பட்டியல்களையும் சில காலமாகப் படித்து வருகிறேன். நான் சேகரிப்பாளன் அல்ல. என்னிடம் ஒரு சின்னமும் கிடையாது, வாங்கும் உத்தேசமும் இல்லை. என்னை இழுத்தது அவர்களுடைய சொல்லாடலில் 'அசல்' என்ற சொல் வகிக்கும் இடம்தான். தொழில்நுட்பச் சொல்லாகத் தொடங்கும் அது, எந்தப் புள்ளியில் அதிகாரத்தின் குரலாக மாறுகிறது என்பதே என் கேள்வி.

முதலில் பொருளைப் பார்ப்போம். நீர்மூழ்கிப் போர்ச் சின்னத்தை 1918இல் ஏற்படுத்தியவர் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம். 1939 அக்டோபர் 13 அன்று கடற்படைத் தளபதி ரேடர் அதை மீண்டும் கொண்டுவந்தார். நீள்வட்ட இலைவளையம், நடுவே நீர்மூழ்கிக் கப்பல், உச்சியில் முன்பு பேரரசின் கிரீடம் இருந்த இடத்தில் இப்போது கழுகும் ஸ்வஸ்திகாவும். இரண்டு போர்ப் பயணம் போய்வந்தவனுக்கு அது கிடைக்கும். 1940, 41இல் மற்றவை வரிசையாக வந்தன: நாசகாரிக் கப்பல்களுக்கு, கண்ணிவாரிகளுக்கு, துணைப் போர்க்கப்பல்களுக்கு, பெருங்கடற்படைக்கு, விரைவுப் படகுகளுக்கு. இவற்றில் நாசகாரிச் சின்னம் பிறந்த கதை கவனிக்கத்தக்கது. 1940 ஏப்ரலில் நார்வேயின் நார்விக்கில் ஜெர்மனி தன் நாசகாரிகளில் பத்தை இழந்தது. போனவற்றில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அடுத்த ஜூன் 4ஆம் தேதி, அங்கே உயிர் பிழைத்தவர்களை முன்னிட்டுச் சின்னம் அறிவிக்கப்பட்டது. கப்பல் போன இடத்தை நிரப்ப ஒரு குறிப்பான்!

இனி, அசலைக் கண்டுபிடிக்கும் வித்தை. இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு பொறுமையான கண் அது. சின்னத்தின் முகப்பை யாரும் முதலில் பார்ப்பதில்லை. புரட்டிப் போட்டுவிடுகிறார்கள். ஊசி உருண்டையா தட்டையா, கீல் எப்படிப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது, கொக்கி எந்த அளவுக் கம்பியில் வளைக்கப்பட்டது, செய்தவர் முத்திரை எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று போகிறது விசாரணை. அசல் சின்னத்தை வைத்து அச்செடுத்து வார்க்கப்பட்ட நகல், உலோகம் குளிரும்போது சுருங்குவதால் மயிரிழை அளவு சிறிதாகிவிடும். இறகின் வரிகள் மழுங்கிப் போயிருக்கும். ஆனால் போர்க்காலத்திலேயே சில அசல்கள் வார்க்கப்பட்டவைதாம் என்பதால், ஒரு குமிழியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அச்சில் விழுந்த ஒரு கீறல் அதிலிருந்து வந்த எல்லாச் சின்னங்களிலும் தழும்பாகத் தொடர்வதால், தழும்பு வளர்வதை வைத்து எது முன்னே, எது பின்னே என்று வரிசைப்படுத்துகிறார்கள். நம்மூரில் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்தவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான்.

இதில் மிகவும் பேசுவது உலோகம். ஆரம்பகாலச் சின்னங்கள் செம்பு மிகுந்த பித்தளையில் அடிக்கப்பட்டுப் பொன்முலாம் பூசப்பட்டவை. கையில் கனக்கும், வரிகள் கூர்மையாக இருக்கும். போர் நீள நீளச் செம்பு குண்டுகளுக்கும் மின்கம்பிகளுக்கும் போயிற்று. சின்னங்கள் துத்தநாகத்துக்கு இறங்கின. துத்தநாகத்தின் மேல் பூசிய பொன் அங்கே நிற்பதில்லை. பல ஆண்டுகளில் மெல்ல உள்ளே ஊறிப் போய், சாம்பல் நிறம் மட்டும் மிஞ்சுகிறது. அதனால் 1943க்குப் பிந்தைய ஒரு சின்னம் பளபளவென்று இருந்தால் சேகரிப்பாளருக்குச் சந்தேகம் தட்டுகிறது. மங்கி, வெளுத்து, அசிங்கமாக இருந்தால் நம்பிக்கை பிறக்கிறது. ஒரு பேரரசின் வீழ்ச்சியைத் துத்தநாகம் தன் தோலிலேயே எழுதி வைத்திருக்கிறது. சேகரிப்பாளர் அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிடுகிறார். படித்து, விலையைக் குறித்துக்கொண்டு, மூடிவைத்துவிடுகிறார். அங்கேதான் எனக்குச் சிக்கல்.

சரி, இத்தனை சோதனையும் எதை நிரூபிக்கிறது? வால்டர் பெஞ்சமின் 1930களில் சொன்னது நினைவுக்கு வரலாம்: இயந்திரம் பெருக்கிய பிரதிகளிடையே எது அசல் என்று கேட்பதே அர்த்தமற்றுப் போகிறது. இந்தச் சின்னங்கள் ஆயிரக்கணக்கில் அடிக்கப்பட்டவை. முதல் அசல் என்று ஒன்று கிடையாது. பிறகு எதை அசல் என்கிறார்கள்? போர் முடிந்த பின்பும் சில பட்டறைகளில் பழைய அச்சுகள் தப்பிக் கிடந்தன. வெற்றி பெற்ற சிப்பாய்களிடமிருந்து தொடங்கிய நினைவுப்பொருள் சந்தை விரைவிலேயே பெரிதாயிற்று. பழைய அச்சிலேயே மறுபடி அடித்தார்கள். அதே அச்சு, அதே உலோகம், ஒருவேளை அதே தொழிலாளியின் கை. என்றாலும் 1945 மே மாதத்துக்கு முன் அடித்தது அசல், பின்னால் அடித்தது குப்பை. இரண்டுக்கும் இடையில் மாறியது ஒன்றே ஒன்று. முன்னதன் பின்னால் நாஜி அரசு உயிரோடு இருந்தது, பின்னதற்கு அது இல்லை. ஆக, 'இது அசல்' என்ற சான்றிதழ், பெயர் சொல்லாமல் வேறொன்றையும் சான்றளிக்கிறது: இது அடிக்கப்பட்டபோது ஹிட்லரின் ஆணை செல்லுபடியானது.

இதற்குச் சந்தையே சாட்சி. 1957இல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. போர்க்காலச் சின்னங்களை அணியலாம், ஆனால் ஸ்வஸ்திகா இல்லாத வடிவத்தில் மட்டும். சட்டப்படி ஒரு குடியரசு அங்கீகரித்த சின்னங்கள் அவை; பழைய மாலுமிகள் உண்மையாகவே அணிந்தவை. அவையும் வரலாற்று ஆவணங்கள்தாமே? இருந்தும் ஏலப் பட்டியல்களில் அவை கடைசிப் பக்கத்து ஏழைகள். 'எங்களுக்கு அரசியல் வேண்டாம், வரலாறுதான் வேண்டும்' என்பவர்கள், வரலாற்றிலிருந்து கொக்கிச் சிலுவை கழன்றுவிட்டால் விலையை ஏன் இறக்குகிறார்கள்? சேகரிப்பவர் எல்லாரும் நாஜி என்று சொல்ல வரவில்லை, அது மலிவான வாதம். தனிமனிதரின் மனசு எப்படியிருந்தாலும் பண்டத்தின் தர்க்கம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு முரண் இதைவிடக் கூர்மையானது. துணைப் போர்க்கப்பல் சின்னத்தில் உலக உருண்டையின் மேல் ஒரு வைக்கிங் கப்பல் இருக்கும். ஆதி வீரர்களின் நேர் வாரிசுகள் என்ற கதையாடல். உண்மையில் அந்தக் கப்பல்கள் செய்தது என்ன? பீரங்கிகளை மறைத்துவைத்த சரக்குக் கப்பல்கள் அவை. பெயரையும் சாயத்தையும் கொடியையும் மாற்றிக்கொண்டு, நடுநிலை நாட்டுக் கப்பல் போல நடித்து இரையை நெருங்கின. 'அட்லாண்டிஸ்' 1940இல் ஒருமுறை சோவியத் கப்பலாக, அப்புறம் ஜப்பானியக் கப்பலாக, அதற்கப்புறம் டச்சுக் கப்பலாக வேஷம் போட்டது. சுடுவதற்குச் சற்று முன்புதான் சொந்தக் கொடி ஏறும். போலித்தனத்தில் தேர்ந்தவனுக்குத் தந்த சின்னத்தில் இன்று போலியே கூடாது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறார்கள். வேடிக்கைதான்.

அட்லாண்டிஸ் வேட்டையாடியது இந்தியப் பெருங்கடலிலும்தான். அதனிடம் சிக்கிய பிரிட்டிஷ் கப்பல்களின் எரியறைகளிலும் மேல்தளங்களிலும் வேலை செய்தவர்களில் இந்திய மாலுமிகள், அன்றைய சொல்லில் லஸ்கர்கள், ஏராளம். 1940 செப்டம்பர் 17 இரவு யு-48 மூழ்கடித்த 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' கப்பலில் 77 பிரிட்டிஷ் அகதிக் குழந்தைகள் இறந்தது உலகுக்குத் தெரியும். அதன் மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்பதும், அவர்களில் மிகப் பலர் அன்றிரவே செத்தார்கள் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? சின்னம் பெறத் தேவையான அந்த 'இரண்டு பயணம்' என்ற கணக்குக்குள் இப்படிப்பட்ட இரவுகள்தாம் அடங்கியிருக்கின்றன.

சின்னத்தை மறுபடியும் புரட்டுவோம். பின்புறத்தில் 'ஷ்வெரின், பெர்லின்' என்று செய்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். பெருங்கடற்படைச் சின்னத்தில் வரைந்த ஓவியர் அடோல்ஃப் போக்கின் பெயரும் இருக்கும். அணிந்தவன் பெயர் வழக்கமாக இருக்காது. அதற்கு முத்திரையும் மையொப்பமும் கொண்ட விருதுத் தாள் வேண்டும். தாள் சேர்ந்தால் விலை ஏறும். நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் ஏறத்தாழ 30,000 பேர் திரும்பவில்லை. அவர்களில் ஒருவன் யாரென்று அந்தத் தாளாவது சொல்லிவிடுகிறது. அவனால் மூழ்கியவன் யாரென்று எந்தத் தாளும் அந்தப் பேழைக்குள் வருவதில்லை. அவன் பெயர் வேறிடத்தில் இருக்கிறது. கடலில் புதைந்த இந்திய மாலுமிகளின் பெயர்ப் பட்டியல்கள் சிட்டகாங்கிலும் மும்பையிலும் இருக்கின்றன. கல்லில் வெட்டப்படவில்லை, புத்தகமாக வைக்கப்பட்டுள்ளன. ஏறக்குறைய ஆறாயிரம் பெயர்கள். சின்னத்தின் கீலைப் பூதக்கண்ணாடியில் பார்க்கும் அதே பொறுமையோடு, அந்தக் கப்பல் எந்தத் தேதியில் எங்கே நின்றது, எதைச் சுட்டது என்று தேடி, இந்தப் புத்தகத்தின் பக்கத்தோடு பொருத்திப் பார்க்க முடியும். கப்பல் நாட்குறிப்புகள் கிடைக்கின்றன, தேதிகள் தெரியும். அந்த வேலையைச் செய்கிறவனைத்தான் வரலாற்றுச் சேகரிப்பாளன் என்பேன். மற்றவர் கையில் இருப்பது நல்ல துத்தநாகம், அவ்வளவுதான்.