குப்பையில் கார் ஓடுமா? உக்குவளையிலிருந்து ஒரு கணக்கு

2022இல் பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றதை யாரும் மறக்கவில்லை. கியூ.ஆர். முறை வந்தபோதும் ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது. அந்த நாட்களிலிருந்து உக்குவளையில் என் காதில் அடிக்கடி விழும் கேள்வி இது: தோட்டத்துக் குப்பையை வைத்துக் காரை ஓட்ட முடியாதா? முடியும். ஆனால் எந்தக் குப்பை, எந்தக் கார் என்பதைப் பார்க்க வேண்டும்.

போர்க்காலத் தொழில்நுட்பம்

1920களில் பிரான்சில் ஜோர்ஜ் இம்பேர்ட் என்பவர் விறகை வாயுவாக்கி வாகனம் ஓட்டும் கலனை உருவாக்கினார். இரண்டாம் உலகப்போரில் பெற்றோல் அரிதானபோது ஜேர்மனியில் மட்டும் ஏறத்தாழ 5 இலட்சம் வாகனங்கள் இப்படி ஓடின. சென்னை மாகாணத்திலும் கரிவாயு பஸ்கள் ஓடின. போர் முடிந்து பெற்றோல் திரும்பியதும் இவை மறைந்தன.

எப்படி இயங்குகிறது?

மூடிய கலனில் காற்றைக் குறைத்துக் கொடுத்தால் விறகின் ஒரு பகுதி மட்டுமே எரியும். 1,000 பாகை செல்சியஸை ஒட்டிய அந்த வெப்பத்தில், எஞ்சிய கரி காபனீரொட்சைட்டையும் நீராவியையும் காபனோரொட்சைட்டாகவும் ஐதரசனாகவும் மாற்றுகிறது. எரிபொருள் இவைதான். கிடைக்கும் வாயுவில் இவை ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். ஏறத்தாழப் பாதி, எரியாத நைதரசன். அதனால் இயந்திரத்தின் வலு 30 முதல் 50 சதவீதம் வரை குறையும். மாத்தளை ஏற்றங்களில் இது நன்றாகவே தெரியும்.

காரில் கலனோடு தூசி பிரிப்பான், குளிர்விக்கும் குழாய்கள், வடிகட்டி, காற்றையும் வாயுவையும் கலக்கும் வால்வு ஆகியவற்றையும் பொருத்த வேண்டும். பழைய காபுரேற்றர் கார்களில் இது ஓரளவு இலகு. வடிகட்டல் சரியில்லாவிட்டால் தார் வால்வுகளில் படிந்து இயந்திரத்தையே இறுக்கிவிடும்.

எந்தக் குப்பை?

சமையலறைக் கழிவு சரிவராது. ஈரப்பதன் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரக்கழிவுக்குச் சாண எரிவாயுக் கலனே பொருத்தம். பிளாஸ்டிக்கைப் போடவே கூடாது. அது தாரைப் பெருக்கும், பி.வி.சி. என்றால் இரும்பை அரிக்கும் அமிலமும் நச்சு டயொக்சின்களும் உருவாகலாம். காய்ந்த தேங்காய்ச் சிரட்டையும், மிளகுக் கொடிக்குத் தாங்கு மரமாக நிற்கும் கிளிரிசீடியாவின் கவ்வாத்துக் கிளைகளும் நன்கு பயன்படும். கிளிரிசீடியாவை 2005இல் அரசாங்கம் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது.

ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஈடாக 2.5 முதல் 3 கிலோ காய்ந்த விறகு தேவை. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் காரில் 40 கிலோமீற்றர் போக 10 முதல் 12 கிலோ வேண்டும். தோட்டம் உள்ளவருக்கு அது பெரிய அளவல்ல. ஆனால் அதை வெட்ட, துண்டாக்க, உலர்த்த, பயணத்துக்கு முன் மூட்டி வாயு வரும்வரை காத்திருக்க, பின் சாம்பல் அள்ள யாராவது வேண்டும்.

உயிராபத்து

காபனோரொட்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. ஓரிடத்தில் கசிந்தால், மூடிய கராஜில் நிற்பவர் தெரியாமலே மயங்கி இறக்கலாம். காரை நிறுத்திய பின்பும் கலனில் வாயு உருவாகிக்கொண்டே இருக்கும். ஆகவே திறந்த வெளி, வாயு கண்டறியும் கருவி இரண்டும் கட்டாயம். எரிபொருள் வகையை மாற்றுவதாக இருந்தால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். வருடாந்தப் புகைப் பரிசோதனையும் இருக்கிறது.

என் கணிப்பில், இந்த வாயு காரைவிட, நின்ற இடத்தில் ஓடும் இயந்திரத்துக்கே பொருந்தும். அங்கே பாரம் ஒரு பிரச்சினையல்ல. கவனிக்க ஆளும் இருப்பார். இந்தியாவில் பீகார் கிராமங்களில் ஹஸ்க் பவர் சிஸ்டம்ஸ் நிறுவனம் 2007 முதல் நெல் உமி வாயுவில் மின்சாரம் தந்தது அப்படித்தான். இங்கேயும் மிளகு, சாதிக்காய் உலர்த்தும் கொட்டிலிலிருந்து தொடங்கலாம். மழைக்காலத்தில் காயவைக்க முடியாமல் பூஞ்சணம் பிடிக்கும் விளைச்சலைக் காப்பாற்றினால், அதுவே பெற்றோல் செலவுக்கும் உதவும்.