98 கன்டெய்னர்கள்

லாகோஸ் நகரின் இக்கேஜா ராணுவக் கிடங்கு 2002-ல் வெடித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். ஊரெல்லாம் சிதறிக் கிடந்த குண்டுகளை அகற்ற வெளிநாட்டு வல்லுநர்கள் வந்து இறங்கினார்கள். அங்கே உதவி, வெடித்த பிறகு வந்தது. இந்த வாரம் நாம் போகும் சைப்ரஸில் கதை வேறு. அங்கே உதவி முன்கூட்டியே வாசலில் வந்து நின்றது. அரசு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது.

2009 ஜனவரி. ஈரானிலிருந்து சிரியாவுக்குப் போய்க்கொண்டிருந்த மோன்செகோர்ஸ்க் என்ற சரக்குக் கப்பலை அமெரிக்கக் கடற்படை செங்கடலில் மறித்துச் சோதித்தது. உள்ளே வெடிமருந்தும் தளவாடங்களும் இருந்தன. ஈரான் ஆயுத ஏற்றுமதி செய்யக் கூடாது என்று ஐ.நா. பாதுகாப்பு சபை ஏற்கெனவே தடை விதித்திருந்தது. கப்பலில் பறந்தது சைப்ரஸ் கொடி. எனவே கப்பல் லிமாசோல் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சரக்கைப் பறிமுதல் செய்யும் பொறுப்பு அந்தச் சிறிய தீவு நாட்டின் தலையில் விழுந்தது.

இறக்கிய 98 கன்டெய்னர்களையும் தென்கரையில் மாரி கிராமத்தை ஒட்டிய எவாங்கெலோஸ் ஃப்ளோராகிஸ் கடற்படைத் தளத்தில் அடுக்கினார்கள். கூரை கிடையாது. இரண்டு கோடைகள் முழுதாகக் கடந்து மூன்றாவது கோடை வரும்வரை அவை திறந்த வெயிலிலேயே கிடந்தன.

இதன் ஆபத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வேதியியல் வேண்டும். பீரங்கி மருந்தின் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். யாரும் தொடாவிட்டாலும் அது மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும். சிதைவில் வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மேலும் சிதைவைத் தூண்டும். அந்த ஆக்சைடுகளை உறிஞ்சிக்கொள்வதற்கென்றே மருந்தில் ஒரு வேதிப்பொருளைக் கலந்திருப்பார்கள். சூடு ஏற ஏற அது வேகமாகத் தீரும். தீர்ந்துவிட்டால், உள்ளுக்குள் பிறக்கும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, ஒருநாள் தானே பற்றிக்கொள்ளும். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைச் சிறு மாதிரியை எடுத்து ஆய்வகத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். தேவைப்பட்ட தொழில்நுட்ப உதவி அவ்வளவுதான்.

அதைத் தர ஆள் இல்லாமலும் இல்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்றுமே சரக்கை அகற்றவோ அழிக்கவோ உதவ முன்வந்தன. அதிபர் திமித்ரிஸ் கிறிஸ்தோஃபியாஸின் அரசு ஒப்புக்கொள்ளவில்லை. சிரியாவும் ஈரானும் மனம் கோணிவிடும் என்ற அச்சம். சின்ன நாட்டுக்கு இப்படிப்பட்ட தர்மசங்கடங்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் வெடிமருந்துக்கு வெளியுறவுக் கொள்கை தெரியாது. தளத்தில் இருந்த ராணுவ அதிகாரிகள் எச்சரிக்கைக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

2011 ஜூலை 4 அன்று ஒரு கன்டெய்னர் உள்ளழுத்தத்தில் உப்பி வெடித்தது. இயற்கை தந்த கடைசி எச்சரிக்கை அது. ஆலோசனைக் கூட்டம் நடந்தது. தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கலாம் என்பது போன்ற யோசனைகளில் ஒரு வாரம் போனது.

ஜூலை 11, திங்கட்கிழமை விடியற்காலையில் தீ பிடித்தது. அணைக்க விரைந்த தீயணைப்பு வீரர்களும், தகவல் கேட்டு வந்த கடற்படைத் தளபதி ஆந்திரேயாஸ் இயோவானிதீஸும் அங்கே இருந்தபோது, ஆறு மணிக்குச் சற்று முன் மொத்தமும் வெடித்தது. 13 பேர் இறந்தார்கள். தளபதி, தள அதிகாரி, தீயணைப்பு வீரர்கள், கடற்படையில் பணியாற்றிய இரட்டைச் சகோதரர்கள். முடிவெடுக்கும் நாற்காலிகளில் இருந்தவர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதுதான்.

பக்கத்திலேயே வசிலிகோஸ் அனல் மின்நிலையம். தீவின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் அங்கிருந்துதான் வந்தது. வெடிப்பின் அலையில் அது நொறுங்கியது. உச்சக் கோடையில் முறைவைத்து மின்வெட்டு. குடிநீருக்குக் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நாடு அது. மின்சாரம் போனால் தண்ணீருக்கும் ஆபத்து.

இப்போது கேட்க வேண்டிய நிலை வந்தது, கேட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேரிடர் உதவி ஏற்பாடு வழியாக மின்துறை வல்லுநர்களையும் ஜெனரேட்டர்களையும் கோரினார்கள். கிரீஸும் இஸ்ரேலும் கைகொடுத்தன. இவை எல்லாவற்றையும்விட வியப்பானது ஒன்று உண்டு. 1974 முதல் பிளவுண்டு கிடக்கும் தீவின் வடபகுதியை, அதாவது துருக்கிய சைப்ரஸ் நிர்வாகத்தை, தெற்கிலுள்ள அரசு அங்கீகரிப்பதே இல்லை. அந்த வடக்கிலிருந்தே மின்சாரம் வாங்கினார்கள். அரசோடு அரசு கையெழுத்திட முடியாது என்பதால் இருபக்க வர்த்தகச் சபைகள் நடுவில் நின்று ஒப்பந்தத்தை முடித்தன. வெடித்து ஒரு வாரம் ஆவதற்குள் கம்பி வழியே மின்சாரம் வந்துவிட்டது. பிளவுக்குப் பின் பல ஆண்டுகள் தெற்கு வடக்குக்கு மின்சாரம் கொடுத்து வந்தது; இம்முறை அது திசை மாறி ஓடியது.

எதிரியாகக் கருதியவர்களிடமே ஒரு வாரத்துக்குள் வழி கண்டுபிடித்த அதே அரசால், நட்பு நாடுகள் நீட்டிய கையை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பற்ற முடியவில்லை. 13 உயிர்களும் இந்தத் தாமதத்துக்குக் கொடுத்த விலை என்றே நான் கருதுகிறேன்.

வழக்கறிஞர் போலிஸ் போலிவியூ தலைமையிலான விசாரணை அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை தந்தது. முதன்மைப் பொறுப்பு அதிபருடையது என்றது. அவர் அதை ஏற்கவில்லை. அவர்மீது வழக்கும் வரவில்லை. 2013-ல் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கோஸ்தாஸ் பாபகோஸ்தாஸுக்கு 5 ஆண்டுகளும், தீயணைப்புத் துறை உயரதிகாரிகள் மூவருக்குத் தலா 2 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.