தோட்டத்துப் பிள்ளையும் வாக்காளர் பட்டியலும்

சிரம்பான், நீலாய், கோலாலம்பூர் என்று மேற்படிப்புக்குப் போயிருக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது, "வாக்காளராகப் பதிய எங்கே போக வேண்டும், ஐயா?" என்று கேட்கிறார்கள். எங்கும் போக வேண்டியதில்லை என்பதே பதில். 2021 டிசம்பர் 15 முதல், 18 வயது நிறைந்த மலேசியப் பிரஜையின் பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடுகிறது. ஆனாலும் விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை. தோட்டப்புறத்துக்கு வாக்குரிமை எப்போதும் கையிலுள்ள பத்திரங்களின் வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. பத்திரம் இல்லாத இடத்தில் அதுவும் இல்லை.

மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் 1955 ஜூலை 27-ஆம் நாள் நடைபெற்றது. 52 இடங்களில் கூட்டணி 51 இடங்களைப் பிடித்தது. இது நம் மாணவர்கள் அறிந்த செய்தி. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. அத்தேர்தலில் பதிவு பெற்றிருந்த சுமார் 12 இலட்சத்து 80 ஆயிரம் வாக்காளரில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். இந்தியர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. நாட்டு மக்கள் தொகையிலோ இந்தியர் நூற்றுக்கு 11 பேர் இருந்தனர்.

பால் மரம் வெட்டியவர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குக் காரணம் சொல்லிவிடுவது எளிது. நாம் அதை ஏற்பதற்கில்லை. வாக்காளராவதற்கு முதலில் பிரஜையாக வேண்டும். 1948-ஆம் ஆண்டு ஒப்பந்தமும் 1952-ஆம் ஆண்டுத் திருத்தமும் பிறந்த இடம், குடியிருந்த காலம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தன. கங்காணியோடு கப்பலேறி வந்தவரும், லயத்து வீட்டில் பிறந்தவரும் இவற்றுக்கெல்லாம் எந்தச் சான்றைக் காட்டுவார்கள்? பட்டணத்து அலுவலகத்துக்குப் போய்வந்தால் அன்றைய பெரட்டுக்கு நிற்க முடியாது. பெரட்டுக்கு நிற்காவிட்டால் கூலி இல்லை.

1957-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது கதவு ஒன்று சற்றே அகலத் திறந்தது. மலாயாவில் பிறந்து பிரஜையாகாதிருந்தவர்கள் மெர்டேக்கா நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால், மலாய்மொழி அறிவை நிரூபிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் பிறந்தவர்களில் 45 வயது நிறைந்தவர்களுக்கும் அச்சலுகை கிடைத்தது. அந்த ஓராண்டில் பாரம் நிரப்பியவர் ஒருபுறம், "என்றாவது ஊருக்குத்தானே போகப்போகிறோம்" என்று இருந்துவிட்டவர் மறுபுறம் என்று ஒரே லயத்தில் இரு வகையினர் உண்டாயினர். பின்னாளில் ஒருவர் கையில் நீல அடையாளக் கார்டு, மற்றவர் கையில் சிவப்பு. சிவப்புக் கார்டின் விலை 1969-இல் தெரிந்தது. 1968-ஆம் ஆண்டின் சட்டப்படி பிரஜையல்லாதவர்கள் வேலை அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டியதாயிற்று. பல்லாயிரம் பேர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர்.

மெர்டேக்காவுக்குப் பின் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சட்டம் தாராளமாகவே இருந்தது. 1962 அக்டோபருக்குப் பிறகு, பெற்றோரில் ஒருவரேனும் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று. ஆகவே பிறப்பைப் பதிவதும், பெற்றோரின் பத்திரங்களும் முன்னைவிட முக்கியமாயின. பிறப்புப் பத்திரம் இல்லாமல் முதலாம் ஆண்டில் சேர்க்க அழைத்துவரப்படும் பிள்ளையைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் கண்டிருக்கிறோம். 12 வயதில் அடையாளக் கார்டு எடுக்க இயலாத அப்பிள்ளைக்கு 18 வயதில் வாக்கும் இல்லை. தானாகப் பதியும் முறை அப்படிப்பட்டவனைக் காண்பதே இல்லை.

கல்லூரி மாணவரின் கதைக்கு வருவோம். அரசியலமைப்பின் 119-ஆவது பிரிவு வாக்களிக்கும் வயதை முதலில் 21 என வைத்திருந்தது. 18, 19 வயதில் கல்லூரி புகுந்தவர், படிப்பு முடியும் தறுவாயில்தான் தகுதி பெறுவார். அதன் பிறகும் தாமே போய்ப் பாரம் நிரப்ப வேண்டும். நாங்கள் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் அஞ்சல் நிலையத்தில் அதைச் செய்யலாம் என்றிருந்தும், "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டவர்களே அதிகம். இன்னொரு விசித்திரமும் உண்டு. பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 1971-இல் வந்தது. 1975-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. 21 வயது மாணவர் வாக்களிக்கலாம். ஆனால் ஒரு கட்சிக்கு ஆதரவாகப் பேசக் கூடாது! 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டே சட்டமும் திருத்தப்பட்டது.

இங்கிலாந்து 1969-இலும் இந்தியா 1989-இலும் 18 வயதினருக்கு வாக்குரிமை அளித்துவிட்டன. நம் நாடாளுமன்ற மக்களவையில் 2019 ஜூலை 16-ஆம் நாள் 211 உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தனர், எதிர்த்தவர் எவருமில்லை. நடைமுறைக்கு வரத் தாமதமானபோது சரவாக் இளைஞர்கள் ஐவர் வழக்குத் தொடுத்தனர். 2021 செப்டம்பரில் கூச்சிங் உயர் நீதிமன்றம் அவ்வாண்டு இறுதிக்குள் நிறைவேற்றுமாறு ஆணையிட்டது. 2018-இல் சுமார் 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022 நவம்பர் 19-ஆம் நாள் பொதுத் தேர்தலில் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது. நெகிரி செம்பிலான் சட்டமன்றத்துக்கு 18 வயதினர் முதன்முதலாக வாக்களித்தது 2023 ஆகஸ்டு 12-ஆம் நாள்.

பாரம் ஒழிந்தது; முகவரி ஒழியவில்லை. அடையாளக் கார்டில் எந்த முகவரி உள்ளதோ அந்தத் தொகுதியில்தான் பெயர் ஏறும். செனவாங், லாபு, நீலாய்ப் பகுதிகளில் ரப்பர் நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியதை நாம் அறிவோம். லயம் இடிக்கப்பட்டு, குடும்பம் பட்டணத்து மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போயிருக்கும்; பிள்ளையின் கார்டிலோ இல்லாத லயத்தின் முகவரியே இருக்கும். தேர்தலன்று பேருந்தேறிப் பழைய ஊருக்குப் போக வேண்டியதுதான். 2022-இல் உள்நாட்டில் படிக்கும் மாணவர்களுக்குத் தபால் வாக்கும் இல்லை.

வீடு மாறினால் 30 நாட்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்ற வேண்டும் என்பது விதி. அதன் பிறகு, தொகுதி மாற்றத்துக்குத் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையைப் பலர் அறியார். தம் பெயர் எந்தத் தொகுதியில், எந்த வாக்குச் சாவடியில் உள்ளது என்பதை அடையாளக் கார்டு எண்ணைக் கொண்டு ஆணையத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் தம் பெயரைப் பார்க்கும்போதே தாய் தந்தையர் பெயரையும் பார்த்துச் சொல்லட்டும்.