கொழும்பில் வீட்டு இணைய இணைப்பு: தெரிவின் வரலாறு

ஒருகொடவத்தையில் ஒரு குடும்பம் வீட்டுக்கு அகலப்பட்டை இணைய இணைப்பொன்றைத் தெரிவுசெய்ய முற்படுகையில் கட்டணத்தையும் வேகத்தையுமே ஒப்பிடுகின்றது. ஆயின் அத்தெரிவின் எல்லைகளை வகுத்தது தொலைபேசியின் வரலாறேயாகும்.

1980 வரை தபாலும் தொலைத்தொடர்பும் ஒரே திணைக்களத்தின் கீழ் இருந்தன. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே தொலைத்தொடர்பு கூட்டுத்தாபனமாயிற்று. அந்நாள்களில் தெரிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பதே குடிமக்களின் கடன். 1996இல் சன்டெல், லங்கா பெல் என்னும் இரு நிறுவனங்கள் கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசிக்கு உரிமம் பெற்றன. தெருவைத் தோண்டாமலே போட்டி வீடுகளுள் நுழைந்தது.

இணையமோ இந்நிலையைத் தலைகீழாக்கிற்று. குரலுக்குப் போதுமாயிருந்த வானலை இணைப்பு தரவுக்கு மெலிந்ததாயிற்று. 2000களிற் பரவிய ஏ.டி.எஸ்.எல். முறை, பழைய செம்புக் கம்பியிலேயே குரலுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் தரவை அனுப்பியது. எனவே, கம்பியை உடைய சிறீலங்கா ரெலிகொம் நிறுவனத்தின் கை மீண்டும் ஓங்கியது. செம்பிற் சமிக்ஞை தூரத்தோடு தேய்வது இயல்பு. ஒரே கட்டணம் செலுத்திய இரு வீடுகள் தொலைபேசி நிலையத்திலிருந்து தாம் உள்ள தொலைவுக்கேற்ப வெவ்வேறு வேகம் பெற்றன. விளம்பரம் அத்தொலைவைக் கூறுமா? 2012இல் டயலொக் குழுமம் சன்டெலை வாங்கவே போட்டியாளர் தொகையும் சுருங்கிற்று.

ஒளியிழை தூரத்தின் தடையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. எனினும், அது எந்தத் தெருவில் இழுக்கப்படும் என்பதை வீட்டார் தீர்மானிப்பதில்லை. அது எட்டாத ஒழுங்கைகளில் பெரும்பாலும் வானலை இணைப்பே எஞ்சுகின்றது. அதன் வேகமோ, இரவில் அயலவர் எத்தனை பேர் அதே கோபுரத்தைப் பகிர்கின்றனர் என்பதைப் பொறுத்தது.