அறுந்த சங்கிலி

ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்பெல்லாம் இராமாநுசர் பிறந்த ஊர் என்றே சொல்வார்கள். ஆசான் மறைவாக உபதேசித்த மந்திரத்தை அவர் திருக்கோட்டியூர்க் கோயிலின் உயரத்தில் நின்று ஊரறிய எடுத்துரைத்தார் என்பது வைணவ மரபு. அதனால் வரும் கேடு தமக்கே ஆகட்டும் என்று முகங்காட்டி நின்று உரைத்தார் என்பதுதான் அவ்வரலாற்றில் என்னைக் கவர்ந்த பகுதி. இன்றோ அவ்வூரின் பெயரைக் கேட்டதும் ஆலைகளே நினைவுக்கு வருகின்றன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடப்பட்டது. ஒரகடம் வரையிலும் வயல்கள் இருந்த இடங்களில் மதிற்சுவர்கள் எழுந்துவிட்டன. வெளியூர்ப் பெண்பிள்ளைகள் பல்லாயிரவர் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கிறார்கள்.

அத்தகைய விடுதி ஒன்றில் 2021 டிசம்பர் 15 அன்று உணவு நஞ்சாயிற்று. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன்களைப் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் தங்கியிருந்த விடுதி அது. பூந்தமல்லிப் பக்கம் இருந்தது. 159 பெண்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். உடன் தங்கியிருந்த தோழியரோ நோயுற்றவர்களின் நிலை என்னவென்று அறியாமல் தவித்தார்கள். இரண்டு நாள் கழிவதற்குள், சிலர் இறந்துவிட்டார்கள், அது மறைக்கப்படுகிறது என்னும் செய்தி வாட்ஸ்அப் வழியே கைக்குக் கை பரவியது. 17-ஆம் நாள் இரவு அப்பெண்கள் திரண்டு வந்து சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். மறுநாளும் மறியல் நீடித்தது. எவரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் நேரில் வந்து உறுதி கூற வேண்டியதாயிற்று.

அந்தச் செய்தி என்னிடமும் வந்தது. என் பழைய மாணவர் ஒருவரின் மகள் அவ்வட்டாரத்தில் வேறோர் ஆலையில் இருந்தாள். அவள் தந்தைக்கு அனுப்பினாள். தந்தை எனக்கு அனுப்பினார். நான் ‘இன்னா லில்லாஹி’ சொல்லிவிட்டு, என் தம்பிக்கும் பள்ளிவாசல் குழுவுக்கும் அனுப்பினேன். மறுநாள், “ஹஜ்ரத், அது பொய்யாம். நான்தான் அவசரப்பட்டு உங்களுக்கு அனுப்பிவிட்டேன்” என்றார் அவர். “நானும்தானே அனுப்பினேன்” என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக ஹதீஸ் கலையைப் பாடம் சொல்லி வருபவனின் இலட்சணம் இது!

அக்கலையின் உயிர்நாடி ஸனது. இன்னாரிடமிருந்து இன்னார், அவரிடமிருந்து இன்னார் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடர் அது. நடுவில் ஒரு கண்ணி விடுபட்டால் அறிவிப்பு ‘முன்கதிஃ’ எனப்படும். யாரென்று விளங்காத ஒருவர் இடம்பெற்றால் அவர் ‘மஜ்ஹூல்’ ஆவார். அறிவிப்பாளர்களின் வாய்மை, நினைவாற்றல் ஆகியவற்றை ஆராயவே ‘அஸ்மாஉர் ரிஜால்’ என்றொரு தனிக்கலை வளர்ந்தது. அத்துறையில் இப்னு ஹஜர் (ரஹ்) எழுதிய ‘தஹ்தீபுத் தஹ்தீப்’ ஐதராபாத்தில் 12 பாகங்களாக அச்சேறியது. செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளும்படி ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் இட்ட கட்டளைக்கு முன்னோர் தந்த விளக்கவுரையாகவே அந்த உழைப்பை நான் கருதுகிறேன். வாட்ஸ்அப் செய்தியிலோ முதற்கண்ணியே தெரிவதில்லை. 2018 ஜூலையில், பிறரிடமிருந்து பெற்று அனுப்பப்படும் செய்திகளுக்கு ஓர் அடையாளம் இடத் தொடங்கினார்கள். வந்தது என்பதை அவ்வடையாளம் சொல்லும். யாரிடமிருந்து என்பதைச் சொல்லாது.

அந்த அடையாளம் பிறந்ததற்கே ஒரு கொடிய பின்னணி உண்டு. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண்மணி ஒருவர் பிள்ளை பிடிப்பவர் என்று கருதப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். அத்தகைய வதந்திகளால் நாட்டின் பல பகுதிகளில் கொலைகள் நிகழ்ந்தன. அதன்பிறகே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு கட்டியது.

ஆகவே சட்டம் தேவை என்பார்கள். இருந்தது, அது செய்ததையும் பார்த்தோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைக் கொண்டு 2012-ல் மராட்டிய மாநிலத்துப் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். ஒருத்தி முகநூலில் நாலு வரி எழுதினாள். மற்றவள் அதற்கு விருப்பம் தெரிவித்தாள். குற்றம் அவ்வளவே. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

மறுபடியும் அந்த நெடுஞ்சாலைக்கு வருவோம். மறியலுக்கு மறுநாள் 67 பெண்கள் பிடித்துவைக்கப்பட்டதாகவும், அவர்களுடைய கைபேசிகள் பறிக்கப்பட்டதாகவும், மகளை அடக்கி வையுங்கள் என்று பெற்றோர் எச்சரிக்கப்பட்டதாகவும் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. ஓர் அறையில் 6 முதல் 30 பேர் வரை தங்கியிருந்தார்கள், தரையில் படுத்தார்கள் என்பதும் அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. டிசம்பர் 29-ல் ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைத் தன் கண்காணிப்பின் கீழ் வைத்தது. மூடப்பட்டிருந்த ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது.

இங்கேதான் என் மனம் இடறுகிறது. பொய்யைப் பரப்பியது தவறு. அதில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அந்தப் பொய் பரவாதிருந்தால் தரையில் படுத்த பெண்களைப் பற்றி எவரேனும் எழுதியிருப்பார்களா? அவர்கள் கையில் கைபேசி முன்பும் இருந்தது. அதில் படம் போட்டார்கள், பாட்டுப் போட்டார்கள். விடுதிச் சோற்றைப் பற்றி ஒருத்தி எழுதியிருந்தாலும் அதைப் படித்துப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எவருமில்லை. நம்பத்தக்கவர்கள் உண்மையைச் சொல்லாமல் வாய்மூடியிருக்கும் காலத்தில் இட்டுக்கட்டுவோரின் சந்தை களைகட்டும். இது ஹதீஸ் வரலாறு படித்தவர்களுக்குப் புதிதன்று. அந்த இரண்டு நாட்களில் மருத்துவமனைப் பெயர்ப்பட்டியல் ஒன்றை விடுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் போதுமே!

மூன்று ஆண்டுகள் சென்றன. 2024 செப்டம்பர் 9 அன்று, அதே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நீடித்த அப்போராட்டத்தில் கூலி உயர்வோடு, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதும் முதன்மையான கோரிக்கை. பேசுகிறவர் யார், யார் சார்பில் பேசுகிறார் என்பது அங்கே வெளிப்படையாக இருந்தது. நிர்வாகம் அதைத்தான் ஏற்க மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில் அச்சங்கம் பதிவு பெற்றது.

என் மாணவரின் மகள் இப்போதும் அவ்வட்டாரத்தில்தான் வேலை செய்கிறாள். அவளுடைய ஆலையில் சங்கம் இல்லை. சென்ற நோன்புப் பெருநாளன்று ஒரு செய்தி அனுப்பினாள். கீழே, “ஹஜ்ரத், இது நான் கண்ணால் பார்த்தது” என்று சேர்த்திருந்தாள்.